ஏசி அறையிலேயே துரு பிடித்த சிந்தசைசர்கள்: கடலோர வீட்டு அனுபவம்

மாமா கோவையில் மெல்லிசைக் கச்சேரிகளில் கீபோர்டு வாசித்தவர். அவர் கையில் இருந்த இரண்டு பழைய சிந்தசைசர்கள், அதாவது மின்சாரத்தில் விதவிதமான சத்தங்களை உண்டாக்கும் கீபோர்டுகள், 2021-இல் என்னிடம் வந்தன. ஒன்று யமஹா டிஎக்ஸ்7, 1983-இல் வந்த மாடல். இன்னொன்று அதற்கு அடுத்த வருடம் வந்த ரோலண்ட் ஜூனோ-106. கூடவே கைப்பிடி தேய்ந்துபோன ஒரு எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி. கோவையில் அவை எந்தப் பராமரிப்பும் இல்லாமல் பரணில் பழைய போர்வை சுற்றிக் கிடந்தவை. இறக்கித் தூசி தட்டி பிளக்கைச் சொருகினால் இரண்டு சிந்தசைசரும் பாடின. திருவான்மியூரில் கடலுக்கு நாலைந்து தெரு தள்ளி, மூன்றாவது மாடியில் என் வீடு. இங்கே ஏசி போட்ட அறையில், தனி ஸ்டாண்டில், கவர் போட்டுப் பத்திரமாக வைத்தேன். இரண்டாவது மழைக்காலம் முடிவதற்குள் இரண்டுமே படுத்துவிட்டன. திரும்ப எழுப்புவதற்குக் கிட்டத்தட்ட ஐம்பதாயிரம் ரூபாயும் அரை வருடமும் போயின. அந்த அரை வருடத்தில் நான் கேட்டறிந்ததில் பாதியை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் இதில் பெரும்பகுதி மிச்சமாகியிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

முதலில் வந்த அறிகுறி மிகச் சின்னது. ஜூனோவில் ஸ்லைடர்கள், அதாவது மேலும் கீழும் தள்ளிச் சத்தத்தை மாற்றும் குமிழ்கள், வரிசையாக இருக்கும். ஃபில்டர் ஸ்லைடரை மேலே தள்ளும்போது கரகரவென்று ஒரு சத்தம். பழைய சாமான், தூசியாக இருக்கும் என்றுதான் யாருமே நினைப்பார்கள். அடுத்து டிஎக்ஸ்7-இல் சில கட்டைகள் அழுத்தினால் சத்தம் வரவில்லை, சில கட்டைகள் அழுத்தின வேகத்துக்குச் சம்பந்தமில்லாமல் அலறின. அப்புறம் ஜூனோவில் ஒரு நோட்டு வரும், ஒரு நோட்டு காணாமல் போகும். ஒருநாள் கவரை எடுத்தபோது பின்பக்க ஸ்க்ரூ தலைகளில் ஆரஞ்சுப் பொடி. விரலால் தடவினால் கையோடு வருகிறது. ஜாக் ஓட்டைகளின் விளிம்பில் பச்சையாகக் களிம்பு. கவரின் உள்பக்கம் கையை வைத்தால் ஈரமாக இல்லை, ஆனால் காய்ந்த துணி போலவும் இல்லை. வயிற்றைக் கலக்கியது. மாமாவுக்கு போன் செய்து சொன்னேன். "ஏங்கண்ணு, இங்க பரண்மேல அத்தன வருசம் கெடந்துச்சு, ஒன்னும் ஆவுல. அங்க ஏசியில வெச்சும் இப்புடியா?" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

முதலில் போன மெக்கானிக்கின் பெயர் வேண்டாம். டிவி, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பார்ப்பவர், நல்ல மனிதர்தான். இரண்டையும் திறந்து, துருப் பிடித்த கதவுக் கீலுக்கு அடிப்போமே அந்த எண்ணெய் ஸ்ப்ரேயை ஸ்லைடர், ஜாக், கட்டைகளின் அடி என்று எல்லா இடத்திலும் தாராளமாக அடித்துக் கொடுத்தார். ஏழாயிரம் ரூபாய். வீட்டுக்கு வந்து வாசித்தால் புதுசு போல இருந்தது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. சில வாரம்தான். பிறகு கரகரப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்தது. அந்த மாதிரி ஸ்ப்ரே காய்ந்த பிறகு ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். அது கீலுக்கு நல்லது. ஸ்லைடருக்குள் இருக்கும் கார்பன் பட்டைக்கு அது பசை, காற்றில் வரும் உப்பும் தூசியும் வந்து ஒட்டிக்கொள்ளத் தோதான பசை. யாரிடம் கொடுத்தாலும், திறப்பதற்கு முன்பே எந்த ஸ்ப்ரே அடிப்பீர்கள் என்று கேட்டுவிடுங்கள். எலக்ட்ரானிக் கான்டாக்ட்டுகளுக்கென்று தனி க்ளீனர் உண்டு, ஸ்லைடருக்கு அதிலேயே மெல்லிய லூப்ரிகன்ட் கலந்த வகை உண்டு. டியாக்சிட் போன்றவை விலை அதிகம்தான், ஆனால் ஒரு டப்பா பல வருடம் வரும். பதில் மழுப்பலாக வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடலாம், டிஎக்ஸ்7 பதினாலு கிலோ என்றாலும்.

அதே மெக்கானிக் ஜூனோவைப் பற்றி இன்னொன்றும் சொல்லியிருந்தார்: வாய்ஸ் சிப் போயிடுச்சு, ஆறையும் மாத்தணும், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கணும். ஜூனோ-106-இல் ஒரே நேரத்தில் ஆறு நோட்டு ஒலிக்கும், ஒவ்வொன்றும் ஒரு குரல். 80017ஏ என்ற சிப் ஆறு இருக்கும், ஒரு குரலுக்கு ஒன்று. அதன் மேல் பூசிய பிசின் வயதாக ஆக மின்சாரத்தைக் கசியவிட ஆரம்பித்து, சிப் செத்துப்போவது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். அதனால் இந்த மாடலில் எது கெட்டாலும் பழி அந்த சிப் மேல் விழும். உண்மையில் அதுதானா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கீ ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்திக்கொண்டே பவரைப் போட்டால் டெஸ்ட் மோடு வரும், அழுத்துகிற ஒவ்வொரு நோட்டுக்கும் எந்தக் குரல் பேசுகிறது என்று டிஸ்ப்ளேயில் எண் காட்டும். எப்போதும் ஒரே எண்ணில்தான் கோளாறு வருகிறது என்றால் சிப் மேல் சந்தேகப்படலாம். என்னுடையதில் ஒருநாள் மூன்று, இன்னொரு நாள் ஐந்து, பெட்டியின் பக்கத்தில் லேசாகத் தட்டினால் இரண்டும் சரி. அப்படி இடம் மாறினால் அது லூஸ் கான்டாக்ட், அதாவது கனெக்டர் பின்களில் களிம்பு. இது தெரியாமல் தலையாட்டியிருந்தால் ஆறு சிப்புக்கும் சுங்கவரிக்கும் சேர்த்துப் பெரிய தொகை போயிருக்கும்.

இரண்டாவதாகப் பிடித்தவர் முன்பு வடபழனிப் பக்கம் ஸ்டுடியோக்களுக்கு வேலை பார்த்தவர், இப்போது வீட்டிலிருந்தே செய்கிறார். அவர் செய்த முதல் காரியத்தை என்னால் மறக்க முடியாது. காது குடையும் பஞ்சுக் குச்சி ஒன்றை எடுத்து டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, அதன் இரு பக்கமும் மல்டிமீட்டர் முனைகளை வைத்துக் காட்டினார். மீட்டர் பெரிதாக எதுவும் காட்டவில்லை, சுத்தமான தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் போகாது. அதே குச்சியை டிஎக்ஸ்7-இன் அடித்தகட்டின் உள்பக்கம் ஒரு சாண் தூரம் இழுத்துத் தேய்த்தார். கண்ணுக்கு அந்தத் தகடு பளிச்சென்றுதான் இருந்தது, துரு இல்லை, தூசிகூட இல்லை. மறுபடி மீட்டரை வைத்தார். மின்தடை சட்டென்று இறங்கி நின்றது. "மழைத்தண்ணி இல்ல சார் இது. உப்பு. காத்துல வந்து உக்காந்துருக்கு. தொடச்சா போயிடும்னு நெனைக்காதீங்க, காஞ்ச துணில தொடச்சா இங்கருந்து அங்க நகரும், அவ்வளவுதான்" என்றார்.

இந்த உப்பு விஷயம்தான் கோவைக்கும் திருவான்மியூருக்கும் உள்ள வித்தியாசம். நாம் சமையலில் போடும் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கசிய ஆரம்பித்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நசநசப்பது இதனால்தான். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது, அது 33 சதவீதத்திலேயே நீரை இழுக்கும். 33 சதவீதம் சென்னையில் எந்த வீட்டுக்குள் இருக்கிறது? ஆக, ஒருமுறை உப்புப் படலம் படிந்த உலோகம் கிட்டத்தட்ட எப்போதுமே கண்ணுக்குத் தெரியாத ஈரத்தோடுதான் இருக்கிறது. இரும்பு, துத்தநாகம், செம்பு எல்லாமே அதற்கு விருந்து. அலை உடையும் இடத்திலிருந்து முதல் சில நூறு மீட்டரில்தான் உப்புப் படிவது மிக அதிகம், உள்ளே போகப் போகச் சட்டென்று குறையும். அதனால் அண்ணா நகர் நண்பர் சொல்லும் பராமரிப்பு பெசன்ட் நகருக்கும் திருவான்மியூருக்கும் சாந்தோமுக்கும் பொருந்தாது. எங்கள் பக்கம் இன்னொன்றும் உண்டு, பக்கிங்காம் கால்வாய். அந்த நாற்றத்தில் இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியைக் கறுக்கவைக்கும். அந்தக் காலத்து ஐசி (சிப்) கால்கள் சிலவற்றில் வெள்ளி முலாம் உண்டு, கறுத்துப்போய் நின்றதைத் திறந்தபோது பார்த்தேன்.

சரி, ஏசி போட்ட அறையில் ஏன் இப்படி? என்னைத் தூங்கவிடாத கேள்வி இதுதான். கடைக்காரர், நண்பர்கள், இணையத்தில் எழுதுபவர்கள், கேட்ட அத்தனை பேரும் "ஏசி ரூம்ல வைங்க, போதும்" என்றே சொன்னார்கள். இரண்டாவது மெக்கானிக் சொல்லி, அளவைச் சேமித்துவைக்கும் சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்றை அந்த அறையில் வைத்தேன். விடை அதில் கிடைத்தது. இரவு முழுக்க ஏசி ஓடும்போது அறை 24 டிகிரி, ஈரப்பதம் 55-ஐ ஒட்டி, அருமை. காலையில் ஏசியை நிறுத்திவிட்டுக் காற்றோட்டத்துக்காக பால்கனிக் கதவைத் திறப்போம், எல்லா வீட்டிலும் செய்வதுதான். பத்தே நிமிடத்தில் மீட்டர் 85-ஐத் தொட்டது. அறைக் காற்று சீக்கிரம் சூடாகிவிடும், ஆனால் பதினாலு கிலோ இரும்பு சூடாகாது. அது இன்னும் 24 டிகிரியில் இருக்கிறது. வெளியிலிருந்து வருவது 30 டிகிரி, 80 சதவீத ஈரக் காற்று. அந்தக் காற்றின் பனிநிலை ஏறக்குறைய 26 டிகிரி, அதாவது அதைவிடக் குளிர்ந்த எதன்மேல் பட்டாலும் அது நீராகப் படியும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பதுபோல என் கீபோர்டு தினமும் காலையில் உள்ளுக்குள் வியர்த்திருக்கிறது. மேலே கவர் வேறு, ரெக்ஸின் கவர். வியர்த்தது காய வழியில்லை. கோவைப் பரணில் வெயிலும் தூசியும் இருந்தன, இந்தத் தினசரிக் குளியல் இல்லை.

ஏசி வேண்டாம் என்று இதற்கு அர்த்தமில்லை. போட்டுப் போட்டு நிறுத்துவதுதான் ஆபத்து. இரவில் மட்டும் ஏசி ஓடும் படுக்கையறையைவிட, ஏசியே இல்லாத, ஈரக் காற்று நேராக அடிக்காத உள்ளறை இசைக்கருவிக்கு நல்லது. ஏசி அறைதான் வேண்டும் என்றால், நிறுத்தியதும் கதவு ஜன்னலைத் திறக்காமல் இரண்டு மணி நேரமாவது அறை தானாகச் சூடாக விடுங்கள். இன்னொன்று, கம்ப்ரஸர் நின்ற பிறகும் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால், காயிலில் சேர்ந்திருந்த தண்ணீரை அதுவே திருப்பி அறைக்குள் ஊதிவிடும். வெளியூர் கச்சேரிக்கோ நண்பர் வீட்டுக்கோ எடுத்துப்போகும்போதும் இதே கதைதான். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்துப்போய் வெளியில் பெட்டியைத் திறந்த உடனே ஸ்விட்சைப் போடாதீர்கள். பெட்டி மூடியபடியே ஒரு மணி நேரம் கிடக்கட்டும்.

சிலிக்கா ஜெல்லைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் ஷூ டப்பாவில் வரும் அந்தக் குட்டிப் பொட்டலங்களைச் சேர்த்து கீபோர்டுக்குள் போடச் சொல்லாத ஆள் கிடையாது. ஒரு கணக்கு பாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் சுமார் 34 கன மீட்டர் காற்று. 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவி தாங்கும். 80 சதவீதத்திலிருந்து 50-க்கு இறக்க அறையிலிருந்து 300 கிராமுக்கு மேல் தண்ணீரை எடுக்கவேண்டும். சிலிக்கா ஜெல் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு நீரைக் குடித்தாலே அதிகம். அப்படியானால் ஒரு கிலோ ஜெல் வேண்டும், அதுவும் கதவை ஒருமுறை திறக்கும்வரைதான். ஐந்து கிராம் பொட்டலம் என்ன செய்யும், பாவம். ஆனால் காற்றுப் புகாத பைக்குள்ளோ ரப்பர் விளிம்பு வைத்த பெட்டிக்குள்ளோ வைத்தால் இதே ஜெல் அற்புதமாக வேலை செய்யும். உள்ளே இருக்கும் காற்றில் ஓரிரு கிராம் நீர்தான் இருக்கும், 200 கிராம் ஜெல் போதும். நிறம் மாறும் வகையை வாங்குங்கள். ஆரஞ்சு நிறம் பச்சையானால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம், ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் திரும்பத் தயார். நீலத்திலிருந்து ரோஸ் ஆகும் வகையில் கோபால்ட் உப்பு இருப்பதால் சமையல் ஓவனில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. பீரோவில் தொங்கவிடும் டப்பா வகை ஈர உறிஞ்சிகள் இருக்கின்றனவே, கீழே தண்ணீர் சேருமே, அவற்றில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் குளோரைடு. சேர்வது வெறும் தண்ணீரில்லை, கெட்டியான உப்புக் கரைசல். துணி பீரோவோடு நிற்கட்டும், ஒரு சொட்டு கீபோர்டுக்குள் விழுந்தாலும் போர்டு காலி.

என் அறைக்குக் கடைசியில் சரிப்பட்டது டிஹியூமிடிஃபயர்தான், காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வாளியில் சேர்க்கும் இயந்திரம். 16,500 ரூபாய். சென்னை வெப்பத்துக்குக் கம்ப்ரஸர் வகை நன்றாகவே இழுக்கிறது. முதல் வாரம் வாளியில் சேர்ந்த தண்ணீரைப் பார்த்து வீட்டில் எல்லோருக்கும் அதிர்ச்சி, இவ்வளவையும் நாம் சுவாசித்துக்கொண்டிருந்தோமா என்று. 250 வாட் இயந்திரம் நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட். மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கில் 120 யூனிட் கூடுதல், அது நம்மை அடுத்த கட்டணப் படிக்குத் தள்ளிவிடும் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள். அறையை மூடி வைத்தால்தான் பயன், அறையில் கொஞ்சம் சூடும் ஏறும். அந்தச் சூடுகூட நமக்குச் சாதகம்தான், ஒரு டிகிரி கூடினால் ஈரப்பத அளவு நான்கைந்து புள்ளி இறங்கும். பழைய பியானோவுக்குள் சின்ன பல்பு எரியவிடுவதும், கேமரா லென்ஸ் பீரோவுக்குள் பல்பு போடுவதும் இதே தத்துவம். பணம் செலவழிக்க முடியாதவர்கள் கண்ணாடிக் கதவுள்ள அலமாரிக்குள் 15 வாட் குண்டு பல்பு போட்டு, துணியோ மரமோ படாமல் கம்பி வலை கட்டி வைக்கலாம். எல்இடி பல்பு இதற்கு உதவாது, சூடு போதாது. வாரம் ஒருமுறை கருவியை ஒரு மணி நேரமாவது போட்டு வாசிப்பதும் ஒரு மருந்து, உள்ளேயிருக்கும் பவர் சப்ளையின் சூடே ஈரத்தை விரட்டும்.

எது வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்குங்கள், முன்னூறு நானூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஆனால் அதை அப்படியே நம்பவேண்டாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாத அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வைத்தால் உள்ளே 75 சதவீதத்தில் வந்து நிற்கவேண்டும். என்னுடைய மலிவு மீட்டர் 69 காட்டியது. அன்றிலிருந்து ஆறு கூட்டிப் படிக்கிறேன். 45-லிருந்து 55-க்குள் வைத்திருந்தால் நிம்மதி, 60-ஐத் தாண்டி நின்றால் இரும்புக்கு ஆபத்து தொடங்குகிறது. மீட்டரை அறை நடுவில் வைக்காமல் கருவியின் பின்னால், சுவர்ப் பக்கம் வையுங்கள். ஓதம் ஏறிய சுவருக்கும் அறை நடுவுக்கும் பத்துப் புள்ளி வித்தியாசம் இருந்தது எங்கள் வீட்டில். ஸ்டாண்டைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளினேன், ரெக்ஸின் கவரைத் தூக்கிவிட்டு நன்றாக அலசிக் காயவைத்த பழைய பருத்தி வேட்டியைப் போட்டேன். தூசிக்குத் தடுப்பு, ஈரத்துக்கு வழி.

சுத்தம் செய்த விதத்தையும் சொல்கிறேன், இதற்கும் உதிரி பாகங்களுக்கும் சேர்த்துத்தான் அவர் 24,000 வாங்கினார், ஒரு பைசா வீண் என்று தோன்றவில்லை. போர்டுகளை முதலில் மென்மையான பிரஷ்ஷும் வேக்குவமும் கொண்டு தூசி எடுத்தார். அடுத்ததாக நான் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போடுவார் என்று எதிர்பார்த்தேன், எல்லா வீடியோவிலும் அதுதானே. அவர் முதலில் டிஸ்டில்டு வாட்டரைத்தான் எடுத்தார். உப்பு ஆல்கஹாலில் அவ்வளவாகக் கரையாது, தண்ணீரில்தான் நன்றாகக் கரையும். தண்ணீரால் உப்பை எடுத்துவிட்டு, பிறகு ஆல்கஹாலால் அந்தத் தண்ணீரை விரட்டி, ஒரு நாள் முழுக்க ஃபேன் காற்றில் காயவிட்டுத்தான் மூடினார். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பெட்ரோல் பங்க்கிலும் பேட்டரி கடையிலும் கிடைக்கும், லேபிளைப் பார்த்து வாங்குங்கள், ஆசிட் பாட்டிலும் பக்கத்திலேயே இருக்கும். கேன் வாட்டர் கூடாது. கனெக்டர்களைக் கழற்றி மாட்டினாலே பாதிக் களிம்பு உரசிப் போய்விடுகிறது. துருப்பிடித்த ஸ்க்ரூக்களை வினிகரில் ஊறவைத்து, கழுவி, காயவைத்து, மெல்ல எண்ணெய் தொட்டு மாட்டினார். தகட்டில் துரு இருந்தால் தகட்டைத் தனியாகக் கழற்றி வெளியே எடுத்துப்போய்த்தான் தேய்க்கவேண்டும். ஸ்டீல் நார் பக்கத்திலேயே வரக்கூடாது, அதன் துணுக்கு ஒன்று போர்டில் விழுந்தால் ஷார்ட். குத்துவிளக்குத் தேய்க்கும் புளி வைத்தியத்தை ஜாக்குகளில் செய்து பார்த்த ஒருவரின் ஆம்ப்ளிஃபயரையும் அங்கே பார்த்தேன், ஜாக் பளபளத்தது, உள்ளே எல்லாம் பச்சை. இன்னொரு எச்சரிக்கை: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் சப்ளையில் மின்சாரம் தங்கியிருக்கலாம். எலக்ட்ரானிக்ஸ் கை பழகாதவர்கள் மூடியைத் திறக்கவேண்டாம், வெளிப்பக்கத்தை ஈரம் தொட்ட துணியால் துடைத்து உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

டிஎக்ஸ்7-க்குள் சிஆர்2032 லித்தியம் பேட்டரி ஒன்று பற்றவைத்திருக்கும். அது தீர்ந்தால் மாமா சேர்த்து வைத்திருந்த 32 சத்தங்களும் போய்விடும். ஃபங்ஷன் பட்டனுக்குப் பிறகு 14-ஐ அழுத்தினால் பேட்டரி வோல்டேஜைக் காட்டும். மூன்றை ஒட்டி இருந்தால் சரி. எதற்கும் மிடி கேபிள் (கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் இணைப்பது) வழியாக அந்த 32 சத்தங்களையும் கம்ப்யூட்டரில் சேமித்துக்கொண்டோம், மொத்தம் நாலு கிலோபைட்தான். மெக்கானிக்கிடம் கொடுப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை அது. சுருதிப் பெட்டியின் கதை வேறு. அதில் யாரோ போட்ட செல்கள் உள்ளேயே ஒழுகி ஸ்பிரிங்கைத் தின்றிருந்தன. ஆல்கலைன் செல் ஒழுகினது காரம், வினிகர் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்தால் போகும். சாதாரண ஜிங்க் செல் ஒழுகினது அமிலப் பக்கம், அதற்கு ஆப்பசோடா கரைசல். இரண்டுக்கும் பிறகு டிஸ்டில்டு வாட்டர், பிறகு ஆல்கஹால். வீட்டில் அடாப்டரில் ஓடும் பெட்டி என்றால் செல்லே போடாதீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கரண்ட் போய்விட்டது, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை, டிஹியூமிடிஃபயர் வெறும் பெட்டியாக நின்றது. முதல் நாள் மழை பலமாகத் தொடங்கும்போதே இரண்டு சிந்தசைசரையும் துடைத்து, தையல் இல்லாத கெட்டி பாலித்தீன் பையில் போட்டு, ஓவனில் காயவைத்திருந்த ஜெல்லைத் துணிப் பையில் கட்டி உள்ளே வைத்து, ஒரு சின்ன மீட்டரையும் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்து டேப் ஒட்டிவிட்டேன். டார்ச் அடித்துப் பார்த்தபோதெல்லாம் பைக்குள் 48, 49. அறையில் 90. இதே பையை ஜெல் இல்லாமல் கட்டியிருந்தால் உள்ளே மாட்டிய ஈரம் அங்கேயே தங்கியிருக்கும், ஆகவே ஜெல் இல்லை என்றால் பையும் வேண்டாம், வேட்டி போதும். கரண்ட் வந்ததும் அவசரப்பட்டுப் பையைக் கிழிக்கவில்லை. அறையை மூடி டிஹியூமிடிஃபயரை ஓடவிட்டு, மீட்டர் 55-க்கு இறங்கிய பிறகுதான் டேப்பைப் பிரித்தேன். ஜூனோ முதல் அழுத்தலிலேயே ஆறு குரலிலும் பேசியது. மாமாவுக்கு போனில் வாசித்துக் காட்டினேன், "டிஎக்ஸ்7-ல பிரிட்டிஷ் ஆர்கன் மாதிரி ஒன்னு வெச்சிருந்தேனே, அது இருக்குதா?" என்று அதைத்தான் கேட்டார். இருந்தது.